பபூன்கள் பதில் சொல்வதில்லை

நாற்பத்திரண்டு கத்திக்கொண்டிருந்தான்.

நாற்பத்திரண்டு என்பது அவனுடைய பெயர். வயது இரண்டுகூட இராது. போட்ஸ்வானாவில், வெள்ளம் பரவிய புல்வெளியின் நடுவே, ஒரு மண்திட்டில் தனியாக நின்றுகொண்டு கத்தினான். நான் லண்டனில், ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறையில், காதை முழுக்க மூடுகிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் கத்தியது முந்தைய வருடத்து வெள்ளத்தில். நான் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். நடுவில் அவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் கேட்பதுதான் என் வேலை.

சத்தம் நாய் குரைப்பதைப் போலத்தான் தொடங்கும். ஆனால் முடிவில் ஒரு இழுப்பு இருக்கும். பின்னணியில் புறா ஒன்று கவலையே இல்லாமல் கூவிக்கொண்டிருக்கும். தண்ணீர் சளசளக்கும். மறுபடி அவன் கத்துவான்.

அவன் தாய் ஒன்பதாம் இலக்கம். களக் குறிப்பின்படி அவள் தண்ணீரைக் கடந்து அக்கரைக்குப் போய், குரங்குக் கூட்டத்தின் நடுவில் இருந்து புல்லுக் கிழங்கு தோண்டித் தின்றுகொண்டிருந்தாள். கூப்பிடுதூரம்தான். அவளுக்குக் கேட்கும். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"எடி, பதில் சொல்லனடி!" என்று கத்திவிட்டேன்.

அறையில் இருந்த இரண்டு மாணவர்களும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமி, இருமல் என்று காட்டிக்கொண்டேன். தமிழில் இருமுவதற்கு எனக்கு உரிமை இல்லையா என்ன?

காதுப் பரீட்சை

சாரதிப் பரீட்சையில் நான் நான்கு தரம் தோற்ற கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "ஐயா, வாழ்க்கையில் நீங்கள் எதிலாவது தேறியதுண்டா?" என்று கேட்டிருக்கிறார். உண்டு ஐயா. காதுப் பரீட்சையில் தேறினேன்.

பாண் சுடும் பேக்டரியில் இருபத்தைந்து வருடம் இரவு ஷிப்ட் செய்து முழங்கால் இரண்டையும் கொடுத்துவிட்டு, வீட்டில் சும்மா இருந்த காலம். இருந்தபடியே செய்யக்கூடிய வேலை ஏதும் உண்டா என்று தேடியபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. காட்டு விலங்குகளின் ஒலிப்பதிவைக் கேட்டு அட்டவணையில் பதிவதற்குப் பொறுமையும் நல்ல காதும் உள்ளவர் தேவை; அனுபவம் வேண்டாம்.

மனைவி மலர் விளம்பரத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"நல்ல காதோ? உங்களுக்கோ? நான் குசினிக்குள்ள இருந்து கூப்பிட்டா ஒருநாள் கேட்டிருக்கோ? போங்கோ, போட்டு வாங்கோ. அவைக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணுந்தானே."

போனேன். பத்துச் சத்தம் போட்டுக் காட்டி, எது குரங்கு என்று கேட்டார்கள். ஒன்பது சரி. பிழையாய்ப் போனது ஒன்று, நான் பெரிய ஆண் குரங்கு என்று அடித்துச் சொன்னது நீர்யானை. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான ரூத் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். முப்பத்தைந்து வயதுப் பிள்ளை; கையெல்லாம் முள் கீறின தழும்பு. வருடத்தில் பாதி நாள் அந்தக் குரங்குகளுக்குப் பின்னால் நடக்கிறவள்.

வேலை கிடைத்தது. நாங்கள் இருக்கிற டூட்டிங் முழுக்க அந்தச் செய்தி பரவும்படி நானே பார்த்துக்கொண்டேன். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றவர்களிடமெல்லாம், "பபூன் ஆராய்ச்சியில இருக்கிறன்" என்றேன். நாடகத்தில் கோமாளி வேஷம் கட்டப் போகிறேன் என்று இரண்டு பேர் நினைத்தார்கள். என்னை அறிந்தவர்கள் ஆனபடியால் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

கூட்டத்துக்குள் ஒரு மாப்பிள்ளை

எங்கள் ஊர்க் குரங்கைக் கண்டவர்களுக்கு இந்தப் பபூன் வேறு ஆள் என்பதை முதலில் சொல்லவேண்டும். நாயின் முகம், ஆட்டுக்கடாவின் நடை. மரத்தில் தூங்கும், பகலெல்லாம் நிலத்தில் நடக்கும். எழுபது, எண்பது பேர் ஒன்றாகப் போவார்கள். கிழங்கு, காய், வெட்டுக்கிளி, தேள், முயல் என்று கிடைத்ததெல்லாம் தின்பார்கள். ஆனால் தண்ணீர் கிட்ட இருக்கவேண்டும். சிங்கமும் சிறுத்தையும் கிட்ட இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுதான் அவர்களுடைய வாழ்க்கைப் பிரச்சினை.

பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருப்பார்கள். தாய்க்கு என்ன மதிப்போ அதுதான் மகளுக்கும். அதிலும் ஒரு விசேஷம்: சகோதரிகளில் இளையவள்தான் மூத்தவளுக்கு மேல். கடைக்குட்டி வந்தால் அக்கா எழும்பி இடம் விடவேண்டும்.

ஆண்கள் அப்படியில்லை. வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் புறப்பட்டுப்போய், முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தின் ஓரத்தில் நிற்பார்கள். நாட்கணக்கில் நிற்பார்கள். யாராவது ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் மெல்ல "உம், உம்" என்று உறுமுவார்கள். உனக்கும் உன் பிள்ளைக்கும் என்னால் ஒரு கரைச்சலும் வராது என்பது அதன் பொருள். அவள் ஓடாமல் இருந்துவிட்டால் பாதி விஸா கிடைத்த மாதிரி.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு மாதம் தமிழ்க் கடை வாசலில் நின்றது அந்த ஒலிப்பதிவைக் கேட்டபோது நினைவுக்கு வந்தது. எனக்கு உறுமக்கூடத் தெரியவில்லை. அங்கே கல்லாவில் நின்ற மலர்தான் இரக்கப்பட்டு, "ஏன் ஒவ்வொரு நாளும் வந்து ஒரே வெங்காயத்தைப் பாக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

நான் கண்டுபிடித்த பதில்

அட்டவணையில் மூன்று நிரல்கள். எத்தனை மணி, என்ன சத்தம், யார். நாலாவதாகக் குறிப்பு எழுத ஒரு வெறும் நிரல் இருந்தது. அங்கேதான் சனியன் என் தோளில் ஏறினான்.

ஒரு குரைப்பு கேட்கும். சற்றுப் பொறுத்து வேறு ஒரு குரைப்பு தூரத்தில் கேட்கும். முதலாவதுக்கு நேரே "அழைப்பு" என்றும், இரண்டாவதுக்கு நேரே "பதில்" என்றும் ஆங்கிலத்தில் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வளர்ப்பு அது. படலையில் நின்று ஒருவர் கூப்பிட்டால் உள்ளே இருந்து "ஆர்?" என்றாவது குரல் கொடுப்போம். கடன்காரன் என்றால்கூட "அவர் வீட்டில இல்லை" என்று அவரே சொல்லுவார். பேசாமல் இருப்பது மனிதச் செயல் இல்லை. குரங்குச் செயலாகவும் எனக்குப் படவில்லை.

நாலு மாதம் அப்படி எழுதினேன். ஆயிரக்கணக்கில் பதில்கள். தனிப்பட்ட முறையில் எனக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

பிறகு ஒருநாள் ரூத் என்னைத் தன் கணினிக்கு முன்னால் இருத்தினாள். சில குரங்குகளின் கழுத்தில் பட்டி கட்டியிருந்தார்கள். அவை நின்ற இடம் திரையில் புள்ளிகளாக ஓடும். குரைத்த புள்ளி சிவப்பாகும்.

"நடுவைப் பாருங்கள், சிவம்" என்றாள்.

நடுவில் சிவப்பே இல்லை. அங்கே எல்லோரும் பேசாமல் தின்றுகொண்டிருந்தார்கள். சிவந்த புள்ளிகள் எல்லாம் ஓரத்தில், கடைசியில், தண்ணீருக்கு இந்தப் பக்கத்தில் நின்றன. நான் பதில் என்று எழுதியதெல்லாம் வேறு யாரோ தொலைந்துபோய்த் தனக்காகக் கத்திய சத்தம். தொலைந்தவனுக்குப் பதில் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

"தாய்கூடவா?"

"தாய்கூட. பிள்ளையின் குரல் அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். சில வேளை நாலடி நடப்பாள். ஆனால் தான் நிற்கிற இடம் பிள்ளைக்குத் தெரியாது என்பது அவளுக்குப் புரிகிறதாகத் தெரியவில்லை. அவளும் பின்தங்கினால் கத்துவாள். அதைக் கேட்டுப் பிள்ளை வழி கண்டுபிடித்தால் அது அதிர்ஷ்டம்."

"எங்கட ஆக்கள் அப்படி இல்லை" என்று சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். என்ன நெஞ்சழுத்தத்தோடு சொன்னேன் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும்.

நாலு மாதத்துப் பதில்களையும் ஒவ்வொன்றாக அழிக்கும் வேலை எனக்கே வந்து சேர்ந்தது.

ஒரு மணி அடித்து வெட்டுவது

இனி அக்காவைச் சொல்லவேண்டும்.

என் அக்கா சரசு எட்மண்டனில் தனியாக இருக்கிறாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அத்தான் போய்ச் சேர்ந்து கன காலம், பிள்ளைகள் இல்லை. நான் லண்டனின் தெற்கு மூலையில், அவள் வடக்கு மூலையில். நடுவில் ஒரு முழு நகரம்.

அவள் இங்கே வந்த புதிதில் எங்கே போய் வந்தாலும், "தம்பி, சேந்திட்டன்" என்று எனக்குப் போன் பண்ணுவாள். நல்ல பழக்கம்தான். ஆனால் நான் இரவு முழுக்கப் பாண் அடுக்கிவிட்டுப் பகலில் தூங்குகிறவன். இரண்டு கிழமை பொறுத்தேன். பிறகு ஒரு சட்டம் போட்டேன்.

"அக்கா, வீட்டை போய்ச் சேந்தால் போனில ஒரு மணி அடிச்சிட்டு வெட்டுங்கோ. நான் எடுக்கமாட்டன். எழும்பினாப் பிறகு பாத்து விளங்கிக்கொள்ளுவன்."

எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு இந்த ஏற்பாடு தெரியும். ஒரு மணி என்றால் சேர்ந்தாயிற்று. மணி அடித்ததே செய்தி. எடுப்பது மரியாதைக் குறைவு. அந்தச் சட்டத்தை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சில இடங்களில் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன்.

முப்பது வருடம் ஓடிவிட்டது. பேக்டரி போனது, பகல் தூக்கமும் போனது. சட்டம் மட்டும் போகவில்லை. கோயிலுக்குப் போய் வந்தால் ஒரு மணி. டொக்டரிடம் போய் வந்தால் ஒரு மணி. திரையில் "அக்கா, தவறிய அழைப்பு ஒன்று" என்று கிடக்கும். நான் பெருவிரலால் தள்ளிவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை

அன்று அக்கா ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டுக்கு, பிறந்த குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற முப்பத்தொன்றுக்குப் போயிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். மலர் டொரண்டோவில், தன் தங்கை வீட்டில் நின்றாள்.

நான் நாற்பத்திரண்டின் சத்தங்களுக்கு எதிரே நானே எழுதிய பதில்களை அழித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக அழிக்க அழிக்க, ஒன்பதாம் இலக்கத்தின்மேல் ஆத்திரம் ஏறிக்கொண்டே வந்தது. பெற்ற தாய்! கேட்டுக்கொண்டு இருந்து தின்கிறாள்!

அதிர்வு ஒலிப்பதிவோடு கலந்து கேட்கும் என்பதால் போனை மேசையில் வைக்கக்கூடாது. என்னுடையது கதவடியில், ஜக்கெட் பையில் தொங்கியது.

இரண்டு மணிக்குத் தேநீருக்கு எழும்பியபோது எடுத்துப் பார்த்தேன். அக்கா, தவறிய அழைப்பு ஒன்று.

'சேந்திட்டா' என்று நினைத்தேன். போனைப் பையில் போட்டேன். தேநீரோடு இரண்டு பிஸ்கட் தின்றேன். அந்த பிஸ்கட்டின் ருசிகூட இப்போதும் நினைவிருக்கிறது, இஞ்சி.

ஐந்து மணிக்குப் படியேறிக்கொண்டே பார்த்தேன். தவறிய அழைப்புகள் பதினொன்று. எல்லாம் அக்கா.

ஒரு சாதாரண மனிதன் அந்த இடத்தில் பதறியிருப்பான். எனக்கு முதலில் தோன்றியது, கைப்பைக்குள் பொத்தான் அமத்துப்பட்டிருக்கிறது என்பது. இரண்டாவதாகத் தோன்றியது, எனக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்திருப்பார்கள் என்பது. மூன்றாவது படியில்தான் நெஞ்சு பக்கென்றது.

திருப்பி அடித்தேன். போன் செத்துப்போயிருந்தது. வீட்டுப் போனுக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவுக்குச் சீனி வருத்தம், பிறஷர். எழுபது தாண்டிவிட்டது. படியிலேயே இருந்து மறுபடி மறுபடி அடித்தேன்.

பின்னால் வந்த ரூத் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். சொன்னேன். அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் அவள் யோசித்தாள் பாவம்.

"தொலைந்தவர்கள் பெரும்பாலும் ஓடித் திரியமாட்டார்கள், சிவம். மற்றவர்களைக் கடைசியாகக் கண்ட இடத்துக்குக் கிட்டத்தான் இருப்பார்கள்."

அந்த நேரம் பார்த்துத் தெரியாத இலக்கத்தில் இருந்து ஓர் அழைப்பு. வெட்டினேன். அந்தக் கிழமை முழுக்க பொயிலருக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி எவனோ ஒருவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினேன். மூன்றாம் தரம் எடுத்து, எனக்குத் தெரிந்த கெட்ட ஆங்கிலம் அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

மறுமுனையில் கல்லாப்பெட்டி ஒன்றை மூடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணை, நீங்கள் சிவம் அண்ணையோ?" என்று ஒரு தமிழ்க்குரல் கேட்டது. "இஞ்ச கடையில உங்கட அக்கா இருக்கிறா. சுகமாத்தான் இருக்கிறா. ஆனா உங்களோட கொஞ்சம் கோவமா இருக்கிறா போல கிடக்கு."

நான் அழுதுவிட்டேன். ரூத் என் முதுகைத் தட்டினாள். அதற்கு நான் நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

பால் கிரேட்டில் ஒரு மகாராணி

நடந்தது இதுதான். அக்கா மூக்குக்கண்ணாடியை முப்பத்தொன்று வீட்டிலேயே விட்டுவிட்டாள். அந்த வழி ரயில் அன்று ஓடவில்லை. பஸ்ஸின் இலக்கத்தைக் கண்ணாடி இல்லாமல் குத்துமதிப்பாகப் பார்த்து ஏறி, கடைசித் தரிப்பில் இறக்கிவிடப்பட்டாள். இறங்கிப் பார்த்தால் சிங்ஃபோர்ட். கொஞ்சம் தள்ளிக் காடு.

அவளுடைய போன் பழைய பொத்தான் போன். கண் தெரியாவிட்டாலும் ஒரு பொத்தானை அமத்திப் பிடித்தால் நேரே எனக்கு வரும். வேறு யாருக்கும் அடிக்க அவளுக்கு வழியில்லை. பற்றரி சாகும்வரை அந்த ஒரு பொத்தானையே அமத்தியிருக்கிறாள். பிறகு கொஞ்சத் தூரத்தில் ஒரு கடைக்குள் விபூதி இல்லாத, ஆனால் தமிழ் முகம் ஒன்றைக் கண்டு உள்ளே போய், தனக்குப் பாடமான ஒரே இலக்கமான என்னுடையதைச் சொல்லியிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா, கல்லாவுக்குப் பக்கத்தில் பால் அடுக்கி வருகிற பிளாஸ்டிக் பெட்டியான கிரேட்டைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் இருந்தாள். கையில் தேநீர். எனக்கென்று கட்டிக்கொண்டு வந்த பலகாரம் கல்லாவில் பிரிந்து கிடந்தது, பாதி முடிந்திருந்தது. கடைக்காரர் வசந்தன் மன்னார் ஆள். சிகரெட் அலுமாரிக்கு மேலே மாதா படம், சின்ன மின்விளக்கோடு. வசந்தனின் மாமியார் அக்காவோடு படித்தவர் என்பது வரை விசாரணை முடிந்துவிட்டிருந்தது. ஆண் குரங்குக்கு நாட்கணக்கில் ஆகிற காரியத்தை என் அக்கா ஒரு கோப்பைத் தேநீரில் முடித்துவிட்டாள்.

"வந்திட்டாரோ ஐயா?" என்றாள்.

ரயிலில் வரும்போது பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன்.

"அக்கா, ரண்டு மணிக்கு ஒரு மிஸ்ட் கோல் கண்டனான். நீங்கள் வீட்டை சேந்திட்டியள் எண்டு நினைச்சுப்போட்டன்."

"ஓம். பிறகு இன்னும் பத்துத் தரம் சேந்தனான். ஒரு நாளில பதினொரு தரம் வீட்டை சேருற ஆள் நான்."

வசந்தன் சட்டென்று திரும்பி, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த கிறிஸ்ப்ஸ் பைகளை அடுக்கத் தொடங்கினார். அவருடைய தோள் குலுங்கியது.

எட்மண்டன் பஸ்

எட்மண்டனுக்குப் போகிற பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் இருந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. வாயில் வந்தது குரங்குதான். நாற்பத்திரண்டைச் சொன்னேன், ஒன்பதைச் சொன்னேன், சிவப்புப் புள்ளியைச் சொன்னேன். இளையவள் மூத்தவளுக்கு மேல் என்பதையும் சொல்லிவைத்தேன், சிரிப்பாள் என்று.

"அதுக்கு ஆபிரிக்காவுக்குப் போய்ப் பாக்கோணுமோ?" என்றாள். "கடைக்குட்டி எண்டு உன்னைத் தலையில தூக்கி வைச்சு ஆடினதுதானே எங்கட வீட்டிலயும்."

பஸ் இரண்டு தரிப்பு தாண்டியது.

"அப்ப அந்தத் தாய்க்குப் பிள்ளை துலைஞ்சது தெரியாதோ?"

"சத்தம் கேக்குமாம் அக்கா. ஆனா பிள்ளைக்கு வழி தெரியாதெண்டு அதால யோசிக்க ஏலாதாம்."

"உன்னால ஏலும்தானே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் அடுத்த தரிப்பு எது என்று கேட்கிற குரலில் சொன்னாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. காலை முழுக்க ஒரு குரங்குத் தாய்க்குச் சாபம் போட்டுக்கொண்டிருந்த பெரிய மனிதன், நடுவில் இருந்து இஞ்சி பிஸ்கட் தின்றிருக்கிறேன்.

"பயந்துபோனன்ரா தம்பி" என்றாள் பிறகு. "இந்த ஊரில முப்பது வருஷம் இருந்துபோட்டு, எங்க நிக்கிறன் எண்டு தெரியாமல் நிண்டன். அடிச்சா நீ எடுக்கமாட்டாய் எண்டு தெரியும். ஆனா வேற எதை அமத்திறது?"

அவளுடைய கையைப் பிடித்தேன். நாங்கள் அப்படிப் பிடிக்கிற குடும்பம் இல்லை. அவளும் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

"மன்னியுங்கோ அக்கா. இனி நீங்கள் அடிச்சா நான் எடுப்பன். ஒரு மணி எண்டாலும் எடுப்பன்."

"எடுக்கிறது கிடக்கட்டும். முப்பது வருஷமா நான் உனக்கு அடிக்கிறன். நீ எனக்கு ஒருநாள் அடிச்சனியோ?"

எனக்கு விளங்கவில்லை. "எதுக்கக்கா?"

"சேந்திட்டன் எண்டு."

டூட்டிங், அதே நாள்

அவளை வீட்டில் விட்டு, மருந்து போட்டதைப் பார்த்து, போனைச் சார்ஜில் குத்திவிட்டுத் திரும்பினேன். முழு நகரத்தையும் குறுக்கே கடந்து டூட்டிங்கில் வந்து இறங்கும்போது கோடை வெளிச்சம் இன்னும் போகவில்லை. மரக்கறிக் கடையில் இரண்டு பேர், "எப்பிடி அண்ணை ஆராய்ச்சி?" என்று கேட்டார்கள். "நடக்குது" என்றேன்.

வீட்டுக் கதவைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றாமலே போனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன். முப்பது வருடத்தில் இந்த வகையில் என் முதல் அழைப்பு. ஒரு மணி அடித்ததும் வெட்டுவோம் என்று விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஒரு மணி முடியமுன் எடுத்துவிட்டாள்.

"சேந்திட்டியோ?"

"ஓம் அக்கா, சேந்திட்டன்."

எங்கள் அழைப்புகளில் பேச்சு இருந்ததே இல்லை. நான் காதை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டேன். அவளுடைய குசினியில் பிரிட்ஜ் இரைந்தது. சுவர் மணிக்கூடு ஓடியது. தட்டு ஒன்று மேசையில் வைக்கப்பட்டது.

"என்னக்கா செய்யிறியள்?"

"சாப்பாடு போடுறன்."

"இன்னும் சாப்பிடேல்லையோ? மருந்து போட்டனீங்கள், உடனே சாப்பிடச் சொன்னனான் எல்லோ?"

"நீ சேராமல் எப்பிடியடா சாப்பிடுறது? நீ இஞ்ச வந்து போற நாளில நான் பத்து மணிக்குத்தான் சாப்பிடுறனான். அதுக்குள்ள சேந்திருப்பாய் எண்டு நானா ஒரு நேரத்தை வைச்சிருக்கிறன். இண்டைக்குத்தான் நேரத்தோட சாப்பிடுறன்."

ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருடம், மாதத்தில் இரண்டு ஞாயிறு அவள் வீட்டுக்குப் போய், வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

"தம்பி" என்றாள். "டேய், கேக்குதோ?"

"கேக்குதக்கா" என்றேன்.